1933 ஜனவரி: ஹிண்டன்பர்க் முன்னால் இருந்த வழிகள்

பள்ளிக்கூடத்தில் ‘இரு உலகப் போர்களுக்கு இடையே சர்வாதிகாரிகள் எழுந்ததற்கான காரணங்களைத் தருக’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். வெர்சாய் உடன்படிக்கை, பணவீக்கம், பெருமந்தம், கம்யூனிச பயம், கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சு. ஐந்து காரணம், ஐந்து மதிப்பெண். நானும் அப்படி எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன்.

பட்டியலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால் இடிக்கிறது. ஜெர்மனியில் பணவீக்கம் உச்சத்தில் இருந்தது 1923 நவம்பரில். அதே மாதம் மியூனிக்கில் ஹிட்லர் செய்த கலகம் ஒரே நாளில் நசுங்கியது. 1928 தேர்தலில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம், 12 இடம். பெருமந்தம்தான் காரணம் என்றால், அமெரிக்காவிலும் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லாமல் போனது. அங்கே வந்தவர் ரூஸ்வெல்ட். பட்டியல் ஒன்றைச் சொல்கிறது: நாஜிகளுக்கு ஏன் மூன்றில் ஒரு பங்கு வாக்கு விழுந்தது என்பதை. மூன்றில் ஒரு பங்கு வைத்திருந்தவர் கைக்கு முழு நாடும் எப்படிப் போனது என்பதை அது சொல்வதில்லை.

அதுவும் அந்த மூன்றில் ஒரு பங்கே தேய்ந்துகொண்டிருந்த நேரம். 1932 ஜூலைத் தேர்தலில் நாஜிகளுக்கு 37 சதவீதம், 230 இடம். நவம்பரில் 33 சதவீதம், 196 இடம். நாலே மாதத்தில் இருபது லட்சம் வாக்கு போயிருந்தது. டிசம்பரில் துரிங்கியா உள்ளாட்சித் தேர்தலில் ஜூலையில் வாங்கியதில் ஏறக்குறைய 40 சதவீதத்தை இழந்தார்கள். கட்சிக்குக் கடன். சீருடை போட்ட அவர்களுடைய ஆட்கள் பெர்லின் தெருக்களில் உண்டியல் குலுக்கினார்கள். அப்படி இருந்த கட்சியின் தலைவர்தான் அடுத்த மாதக் கடைசியில் சான்சலர், அதாவது நம் பிரதமர் மாதிரி அரசின் தலைவர்.

நடுவில் நடந்தது ஒரு மனிதர் எடுத்த முடிவு. அவர் முன்னால் வேறு வழிகளும் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முடிவெடுத்தவர் குடியரசுத் தலைவர் பால் ஃபான் ஹிண்டன்பர்க். வயது 85. முதல் உலகப் போரின் ஃபீல்டு மார்ஷல், பிரஷ்ய நிலக்கிழார் குடும்பம். அவர் ஒன்றும் நாஜி அல்ல. 1932 ஏப்ரலில் அதே ஹிட்லரைத் தோற்கடித்துத்தான் மீண்டும் தலைவரானார்: இவருக்கு 53 சதவீதம், ஹிட்லருக்கு 37. ஹிட்லர் வந்துவிடக் கூடாதே என்று சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இந்தக் கிழவருக்கு வாக்குப் போட்டார்கள். அந்த ஆகஸ்டில் ஹிட்லர் நேரில் வந்து ஆட்சியைக் கேட்டபோது, ஒரே கட்சி கையில் முழு அதிகாரத்தையும் ஒப்படைப்பதைக் கடவுள் முன்னும் மனசாட்சி முன்னும் தன்னால் நியாயப்படுத்த முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முடிவு ஏன் அவர் ஒருவர் கைக்கு வந்தது என்பதற்கு 1930-க்குப் போக வேண்டும். அந்த மார்ச்சில் ஹெர்மன் முல்லரின் பெருங்கூட்டணி அரசு கவிழ்ந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: வேலையில்லாதோர் காப்பீட்டுச் சந்தாவை மூன்றரையிலிருந்து நாலு சதவீதமாக ஏற்றுவதா வேண்டாமா என்ற சண்டை. அரை சதவீதத்துக்காக உடைந்த அந்தக் கூட்டணிக்குப் பிறகு, பெரும்பான்மையை நம்பி நின்ற அரசு வைமர் ஜெர்மனியில் (முதல் உலகப் போருக்குப் பின் வந்த குடியரசுக்கு அந்தப் பெயர்) அமையவே இல்லை. அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவு தலைவருக்கு அவசர ஆணை போடும் அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. (நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாடு நம் அரசியலமைப்புக்கு வைமரிலிருந்துதான் வந்தது என்பதைப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.) 1932-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்தே ஐந்து, அவசர ஆணைகள் 60 சொச்சம். சான்சலரை வைப்பதும் எடுப்பதும் தலைவர் விருப்பம். நாடாளுமன்றம் எதிர்த்தால் கலைத்துவிடலாம், ஆனால் 60 நாளுக்குள் தேர்தல் வைத்தாக வேண்டும். இந்த 60 நாள் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, எல்லா நாட்டிலும் உள்ள சாதாரண வழி. பெரும்பான்மை யாருக்கு இருக்கிறதோ அவரைக் கூப்பிடுவது. நவம்பரில் ஹிண்டன்பர்க் ஹிட்லரிடம் இதைக் கேட்கவும் செய்தார்: பெரும்பான்மையைக் காட்டுங்கள், தருகிறேன். மொத்தம் 584 இடம். நாஜிகளையும் கத்தோலிக்க மையக் கட்சியையும் அதன் பவேரியச் சகோதரக் கட்சியையும் சேர்த்தால் 286. ஏழு இடம் குறைகிறது. ஜூலை நாடாளுமன்றத்தில் இதே கூட்டணி தேறியிருக்கும், நவம்பரில் தேறவில்லை. ஹூகன்பெர்க் என்ற பழமைவாதியின் தேசியவாதக் கட்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டாளிகளிடம் பேரம் பேசி ஆட்சி நடத்த ஹிட்லருக்கு விருப்பமில்லை, தலைவரின் அவசர ஆணை பலத்தோடு வரும் பதவியே வேண்டும் என்றார். வழி அடைந்தது. மறுபக்கத்தில் 121 இடத்தோடு சமூக ஜனநாயகக் கட்சியும் 100 இடத்தோடு கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். ஆக, நாடாளுமன்றம் யாரையும் உருவாக்காது, யாரையும் கவிழ்க்கும். நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்தாலே பாதிக்கு மேல்.

இரண்டாவது வழி, பாப்பனையே மீண்டும் உட்காரவைத்து ராணுவத்தைக் காவலுக்கு நிறுத்துவது. ஃபிரான்ஸ் ஃபான் பாப்பன் ஹிண்டன்பர்க்கின் செல்லப்பிள்ளை. 1932 ஜூன் முதல் நவம்பர் வரை சான்சலராக இருந்தார். அவர் பக்கம் மக்கள் யாருமே இல்லை என்பது செப்டம்பரில் தெரிந்தது: நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவு 512, எதிர்ப்பு 42. நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு, தேர்தலைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்து ஆளலாம் என்பது அவருடைய யோசனை. கிழவரும் இதற்கு இணங்கிவிட்டார். டிசம்பர் 2 காலை அமைச்சரவைக் கூட்டத்தில் ராணுவ அதிகாரி ஓட் ஒரு கணக்கைக் கொண்டுவந்து வைத்தார். நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே நேரத்தில் எழுந்து, கூடவே பொது வேலைநிறுத்தமும் வந்து, போலந்தும் எல்லையில் கைவைத்தால், வெர்சாய் அனுமதித்த ஒரு லட்சம் பேர் கொண்ட ராணுவத்தால் சமாளிக்க முடியாது. அந்தக் கணக்கைப் போடச் சொன்னவர் பாதுகாப்பு அமைச்சர் குர்ட் ஃபான் ஷ்லைஷர். அதைக் காட்டிப் பாப்பனை இறக்கிவிட்டு அவரே சான்சலரானார். பாப்பனை விட்டது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆதரவே இல்லாத ஒருவருக்காக ஒரு நாட்டை உள்நாட்டுப் போருக்குத் தள்ளுவதில் அர்த்தமில்லை.

ஷ்லைஷர் கெட்டிக்காரர், திரைமறைவு வேலையில் கைதேர்ந்தவர். நாஜிகளை உடைக்கப் பார்த்தார். கட்சியில் இரண்டாம் இடத்திலிருந்த கிரெகோர் ஸ்ட்ராசருக்குத் துணைச் சான்சலர் பதவி தருவதாகச் சொன்னார். ஸ்ட்ராசர் டிசம்பர் 8 அன்று கட்சிப் பொறுப்புகளை எல்லாம் உதறினார். ஆனால் பின்னால் பத்துப் பேரைக்கூடக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

ஜனவரி 31 அன்று நாடாளுமன்றம் கூடுகிறது, கூடினால் ஷ்லைஷர் கவிழ்வது உறுதி. அதனால் 23-ஆம் தேதி கிழவரிடம் போய் மூன்றாவது வழியைக் கேட்டார்: கலைத்துவிடுங்கள், 60 நாளைத் தாண்டித் தேர்தலைத் தள்ளிவைப்போம். அதாவது பாப்பன் கேட்ட அதே வரம். உள்நாட்டுப் போர் வரும் என்று டிசம்பரில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று ஹிண்டன்பர்க் திருப்பிக் கேட்டார். தான் போட்ட கணக்கு தன் கழுத்துக்கே வந்தது. அரசியலமைப்பை மீற முடியாது என்பது கிழவர் சொன்ன இன்னொரு காரணம். அதே மீறலைப் பாப்பனுக்கு அவர் ஒப்புக்கொண்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெறும் சட்டப்பற்று என்று நம்ப முடியவில்லை. கிழக்கு நிலக்கிழார்களுக்கான அரசு உதவியில் நடந்த முறைகேடுகள் அந்த மாதம் நாடாளுமன்றக் குழுவில் நாறிக்கொண்டிருந்தன. ஹிண்டன்பர்க்கின் நாய்டெக் பண்ணையே, வாரிசு வரியைத் தவிர்க்க மகன் பேரில் எழுதிய பண்ணை என்று பேச்சு அடிபட்டது. பழைய நண்பர்கள் ஷ்லைஷரைப் பற்றிக் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. தேர்தலைத் தள்ளிவைப்பதை ஜனநாயகக் கட்சிகளே எதிர்த்தன. சமூக ஜனநாயகக் கட்சி கண்டித்து அறிக்கை விட்டது. மையக் கட்சித் தலைவர் காஸ் ஜனவரி 26 அன்று எச்சரித்துக் கடிதம் எழுதினார். வீட்டுக்குள் பாம்பு இருக்கும்போது அவர்கள் வாசலில் ஓணானைத் துரத்திக்கொண்டிருந்தார்கள் என்று இன்று சொல்லிவிடலாம். அன்று அவர்களுக்கு ராணுவ ஜெனரலான ஷ்லைஷரும் பாம்பாகத்தான் தெரிந்தார்.

நாலாவது வழியைத்தான் நான் எடுத்திருப்பேன். பாதுகாப்பு அமைச்சகத்திலேயே அதற்கு ஒரு குறிப்பு தயாராக இருந்தது. யோசனை எளிது. நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து அரசைக் கவிழ்க்கலாம், ஆனால் சேர்ந்து ஒரு அரசை அமைக்க மாட்டார்கள். அப்படி வெறும் எதிர்ப்பு வாக்கில் கவிழ்ந்த சான்சலரை, மாற்று ஆள் வரும்வரை காபந்து சான்சலராகத் தொடரச் சொல்வது. இது ஒன்றும் புதுமை இல்லை. பிரஷ்யாவில் 1932 வசந்தத்திலிருந்து பெரும்பான்மை இல்லாத காபந்து அரசு இருந்தது, பவேரியாவில் 1930 முதலே அப்படித்தான். வேண்டுமானால் கலைத்துவிட்டு, சட்டப்படி 60 நாளுக்குள் தேர்தலையும் வைக்கலாம். ஷ்லைஷர் அதுவரை நாற்காலியில் இருப்பார். உண்டியல் குலுக்கும் கட்சிக்கு ஒரே வருடத்தில் மூன்றாவது பொதுத் தேர்தல்.

குறை இல்லாமல் இல்லை. 48-ஆவது பிரிவின்படி போட்ட ஆணைகளை நாடாளுமன்றம் ரத்துசெய்யக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் காபந்து அரசு கை கட்டி நிற்க வேண்டியிருக்கும். ஷ்லைஷர் மேல் யாருக்கும் நம்பிக்கையும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெருக்கடி வந்திருக்கும். ஆனால் 1932 கோடையில் லொசான் மாநாடு போர் இழப்பீட்டை ஏறக்குறைய முடித்துவைத்துவிட்டது, பொருளாதாரம் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டிருந்தது. 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்த குளிர்காலம்தான். என்றாலும் இழுத்தடிக்க இழுத்தடிக்க ஹிட்லரின் சரக்கு விலைபோகாது. இந்த வழியை ஷ்லைஷர் கிழவரிடம் அழுத்திக் கேட்கவே இல்லை என்பதுதான் வியப்பு. தேர்தல் தள்ளிவைப்பைக் கேட்டார், மறுக்கப்பட்டதும் 28-ஆம் தேதி ராஜினாமா செய்தார்.

ஐந்தாவது வழி பாப்பனுடையது. பதவி போன கோபத்தில் இருந்தவர் ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் வங்கியாளர் ஷ்ரோடர் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்தார். அங்கே ஆரம்பித்த பேரம் மாதக் கடைசியில் இப்படி முடிந்தது: ஹிட்லர் சான்சலர், பாப்பன் துணைச் சான்சலர், அமைச்சரவையில் ஹிட்லரைச் சேர்த்து மூன்றே நாஜிகள். மற்றதெல்லாம் நம்ம ஆட்கள். இரண்டு மாதத்தில் அவரை மூலையில் தள்ளிக் கீச்சிட வைத்துவிடுவோம் என்று பாப்பன் ஒரு நண்பரிடம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பதற்கு ஜெர்மனில் பழமொழி இல்லை போலிருக்கிறது.

அந்த மூன்று பேர் எங்கே உட்கார்ந்தார்கள் என்று யாரும் கூர்ந்து பார்க்கவில்லை. ஃப்ரிக்குக்கு உள்துறை. கோரிங் பெயரளவில் இலாகா இல்லாதவர்; ஆனால் பிரஷ்ய உள்துறையும் அவர் கையில். பிரஷ்யா என்றால் ஜெர்மனியில் ஐந்தில் மூன்று பங்கு, அதன் மொத்தப் போலீஸும் சேர்த்து. அந்தப் போலீஸ் மத்திய அரசின் கைக்கு எப்படி வந்தது என்றால், பாப்பனே ஜூலையில் பிரஷ்ய மாநில அரசை நம்மூர் 356 பாணியில் கலைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. சாவியைச் செய்தவரே அதைக் கொடுத்தார். பிப்ரவரியில் கோரிங் சீருடைப் படைகளிலிருந்து 50,000 பேரைத் துணைப் போலீஸாக்கினார். நேற்றுவரை தெருவில் கட்டையோடு அடித்தவன் இன்று கையில் வெள்ளைப் பட்டையோடு கைதுசெய்தான்.

ஜனவரி 30 காலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பதவியேற்பு 11 மணிக்கு. முந்தைய இரவு பூராவும், பெர்லினுக்குப் பக்கத்தில் உள்ள பாட்ஸ்டாமிலிருந்து படை கிளம்புகிறது, ஷ்லைஷர் தலைவரையே பிடித்துவைக்கப் போகிறார் என்று வதந்தி. புதிய பாதுகாப்பு அமைச்சர் ப்ளோம்பெர்க்கை ரயிலிலிருந்து இறங்கியதும் அப்படியே கூட்டிக்கொண்டு போய், மற்றவர்களுக்கு முன்னால் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்கள். தலைவரின் செயலர் மைஸ்னரின் அறையில் எல்லோரும் கூடி நிற்கிறார்கள். அப்போதுதான் ஹூகன்பெர்க்குக்குத் தெரியவருகிறது, ஹிட்லர் உடனே புதுத் தேர்தல் கேட்கிறார் என்று. முடியாது என்கிறார். முடிவு எப்படி வந்தாலும் அமைச்சரவையை மாற்ற மாட்டேன், வாக்குக் கொடுக்கிறேன் என்கிறார் ஹிட்லர். ஹூகன்பெர்க் அசையவில்லை. மணி 11-ஐத் தாண்டிவிட்டது. மைஸ்னர் கடிகாரத்தோடு வந்து, தலைவரை இதற்கு மேல் காக்கவைக்க முடியாது என்கிறார். பெரியவரைக் காக்கவைப்பதா என்ற கூச்சத்தில் எல்லோரும் உள்ளே போகிறார்கள். ஒரு கையளவு எதிர்ப்பு மரியாதையில் கரைந்தது.

அந்த ஆஸ்திரியக் கார்ப்பரலையா (ஹிட்லரைத்தான்) நான் சான்சலராக்குவேன் என்று நினைத்தீர்கள் என்று ஹிண்டன்பர்க் தளபதி ஹாமர்ஸ்டைனிடம் கேட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது.

இதே தேர்வு பத்து வருடம் முன்னால் இத்தாலி மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் முன்னும் வந்தது. 1921 நாடாளுமன்றத்தில் 535 இடத்தில் பாசிஸ்டுகளுக்கு 35. அதுவும் ஜோலிட்டி என்ற பழுத்த லிபரல் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டதால் கிடைத்தது. வட இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியில் அவர்களுடைய கறுப்புச்சட்டைப் படையினர் சோசலிஸ்டுகளைக் கட்டையால் அடித்து, வாயில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பண்ணையார்கள் பணம் கொடுத்தார்கள், போலீஸ் வேடிக்கை பார்த்தது. 1922 அக்டோபர் 27 இரவு அவர்கள் மழையில் நனைந்துகொண்டு ரோம் நோக்கிக் கூடினார்கள். பிரதமர் ஃபாக்டாவின் அமைச்சரவை ராணுவச் சட்டம் போட முடிவெடுத்தது. நண்பகல் முதல் அமல் என்று மாவட்டங்களுக்குத் தந்தி போய்விட்டது, சுவரொட்டியும் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். 28 காலை மன்னர் கையெழுத்துப் போட மறுத்தார். முன்னாள் பிரதமர் சலாண்ட்ரா தலைமையில் பாசிஸ்டுகளும் சேர்ந்த அரசு என்ற நடுவழியும் இருந்தது. ராணுவச் சட்டம் இல்லை என்றானதும் முசோலினி ஏன் இரண்டாம் இடத்துக்கு ஒத்துக்கொள்ளப் போகிறார்? மிலானிலிருந்து இரவு ரயிலில் தூங்கிக்கொண்டு வந்து 30-ஆம் தேதி பிரதமரானார். நாடாளுமன்றம் நவம்பரில் 306-க்கு 116 என்று நம்பிக்கை வாக்கும் கொடுத்தது.

இரண்டிலும் ஒரே கணக்கு: உள்ளே விட்டால் அடங்குவான், சோசலிஸ்டுகளை அடக்கவும் உதவுவான். வித்தியாசம், ரோமில் ராணுவம் தயாராக நின்றது. ஜெர்மனியில் நாஜிப் படையே நாலு லட்சம், ராணுவம் ஒரு லட்சம். அதனால் ஹிண்டன்பர்க்கைவிட இத்தாலி மன்னர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவருக்கு ஒரு கையெழுத்துப் போதும்.

கையெழுத்துப் போட்டவர் இருக்கிறார், பின்லாந்தில். பேர் ஏவிந்த் ஸ்வின்ஹுஃப்வுத், 1932-இல் வயது 70, குடியரசுத் தலைவர். 1918 உள்நாட்டுப் போரில் செம்படைக்கு எதிராக நின்ற ‘வெள்ளை’த் தரப்பின் தலைவர், கம்யூனிஸ்டுகளை அறவே ஆகாது. லாப்புவா இயக்கம் என்ற தீவிர வலதுசாரிகளின் அழுத்தத்தாலேயே அவர் 1930-இல் பிரதமரும் மறு வருடம் தலைவரும் ஆனவர். அதாவது ஹிண்டன்பர்க்கைவிட அவர்களுக்கு நெருக்கமானவர். 1932 பிப்ரவரி 27 அன்று மான்ட்சாலா என்ற ஊரில் சமூக ஜனநாயகக் கட்சிக் கூட்டத்தை ஆயுதம் ஏந்திய சில நூறு பேர் கலைத்தார்கள். அது கலகமாக வளர்ந்து அரசு பதவி விலகவேண்டும் என்றது. ஸ்வின்ஹுஃப்வுத் விலக்கவில்லை. மார்ச் 2 அன்று வானொலியில் பேசினார்: வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்காகப் போராடியவன் நான், அதை மிதிக்க விடமாட்டேன், வீட்டுக்குப் போங்கள், போகிறவர்களுக்குத் தண்டனை இல்லை, தலைவர்களுக்கு மட்டும் உண்டு. பனியில் நின்றவர்கள் கலைய ஆரம்பித்தார்கள், மார்ச் 6-க்குள் முடிந்தது. அப்புறம் அந்த இயக்கத்தைத் தடைசெய்தது எந்தச் சட்டம் தெரியுமா? கம்யூனிஸ்டுகளை ஒடுக்கவென்று அவர்களே நெருக்கி 1930-இல் கொண்டுவந்த சட்டம். வாரிசாக வந்த கட்சி எந்தத் தேர்தலிலும் 14 இடத்தைத் தாண்டவில்லை.

பெல்ஜியம் இன்னும் சுருக்கம். 1937 ஏப்ரலில் ரெக்ஸ் என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் தலைவர் டெக்ரெல் பிரஸ்ஸல்ஸ் இடைத்தேர்தலில் நின்றபோது, கத்தோலிக்கர், லிபரல், சோசலிஸ்டு, கம்யூனிஸ்டு எல்லோரும் ஒரே வேட்பாளராகப் பிரதமர் ஃபான் சேலண்டை ஆதரித்தார்கள். அவருக்கு 76 சதவீதம், டெக்ரெலுக்கு 19. ரஷ்யாவை இந்தத் தராசில் வைக்க முடியாது. அங்கே பழைய அரசைப் போர் ஏற்கெனவே நொறுக்கியிருந்தது, ஸ்டாலின் கட்சி அலுவலகத்துக்குள்ளிருந்து ஏறிவந்தவர்.

பின்லாந்தின் கலகக்காரர்கள் சில ஆயிரம்தான், நாஜிகளுக்குப் பின்னால் ஒரு கோடிக்கு மேல் வாக்கு என்று யாராவது சொன்னால் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். வானொலிப் பேச்சு பெர்லினில் எடுபட்டிருக்காது. ஆனால் வழிகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பது வெற்றி வாய்ப்பை மட்டும் அல்ல, தப்பாகிப்போனால் திரும்ப முடியுமா என்பதை. காபந்து ஷ்லைஷர் தோற்றால் இன்னொரு தேர்தல், இன்னொரு சான்சலர். ராணுவ ஆட்சியே வந்திருந்தாலும், கட்சியும் படையும் போலீஸும் ஒரே கையில் சேரும் நிலை வந்திருக்காது. ஐந்தாவது வழி ஒன்றில்தான் திரும்பிவரப் பாதை இல்லை: பிப்ரவரி 28 அன்று அடிப்படை உரிமைகள் போயின, மார்ச் 23 அன்று 444-க்கு 94 என்ற வாக்கில் நாடாளுமன்றம் தன் அதிகாரத்தையே எழுதிக்கொடுத்தது. எதிர்த்த 94-உம் சமூக ஜனநாயகக் கட்சி. கம்யூனிஸ்டுகளை அவைக்குள்ளேயே விடவில்லை. 1934 ஜூன் 30 அன்று ஷ்லைஷரையும் அவர் மனைவியையும் வீட்டிலேயே சுட்டார்கள், ஸ்ட்ராசரும் அன்றே போனார். பாப்பனின் அலுவலகத்தில் அவருடைய உதவியாளர் போஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். பாப்பன் அதற்குப் பிறகும் ஹிட்லருக்குத் தூதராக வேலை பார்த்தார்.

அந்த நாலாவது வழி மட்டும் பிற்பாடு சட்டமாகவே ஆனது. 1949-இல் மேற்கு ஜெர்மனி எழுதிய அடிப்படைச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு: மாற்றுச் சான்சலரைத் தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை நாடாளுமன்றம் கவிழ்க்கலாம். 1972-இல் ஒருமுறை முயன்று இரண்டு வாக்கில் தோற்றார்கள். வென்றது ஒரே ஒரு முறை: 1982 அக்டோபர் 1, ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தார்.